இஸ்லாமாபாத்துக்குக் கட்டிய பெட்டிகள்

கண்டக்குழி
12.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கிறது என்று அம்மா சொன்னா. அம்மா எனக்குப் போன் எடுப்பது உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நான் உங்களுக்கு எடுத்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை வாசித்து முடிக்கும் வரையாவது கையில் வைத்திருப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அவருக்கு வெளிநாட்டு நியமனம் கிடைத்திருக்கிறது. கடற்படையில் இவர் பார்ப்பது எழுதுவினைஞர் வேலைதானே, இஸ்லாமாபாத்தில் உள்ள எங்கள் தூதரகத்துக்கு மூன்று வருடம் அனுப்புகிறார்கள். குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். ஏப்ரல் ஐந்தாம் திகதி பயணம். வீடு முழுக்கச் சாமான் பரப்பி, கொண்டு போவது, கொடுத்துவிடுவது, பூட்டி வைப்பது என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். டினோஷி பூனையைத் தூக்கித் தூக்கிக் கொண்டு போகும் பக்கத்தில் வைக்கிறாள். ஆறு வயது, சொன்னால் விளங்காது.

ஆனால் என் கடவுச்சீட்டு வரவில்லை. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் 'சுலோசனா' என்று இருக்கிறது. அடையாள அட்டையிலும் கலியாணப் பதிவிலும் 'சுலக்சனா'. பிறப்பைப் பதிந்தவர் உயிரோடு இருந்தால் அவரே வந்து திருத்தத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். பதிந்தது நீங்கள். கையெழுத்து இல்லாவிட்டால் அவர் தனியாகத்தான் போவார். டினோஷி தகப்பனை மூன்று வருடம் போனில் பார்ப்பாள்.

எட்டு வருடமாக உங்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை அப்பா. இதைக் கேட்கிறேன்.

உங்கள் மகள்
சுலக்சனா


வண்ணாத்திவில்லு
21.01.2025

சுலக்சனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வருகிறேன். நாளைச் சொல். பிள்ளை தகப்பனைப் பிரிந்து இருக்கக் கூடாது. அதற்காக மட்டும்தான், வேறு எதையும் நினைக்காதே.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைப் பதிவுகாரர் பிழையாக எழுதவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார். நீ பிறந்த மாதம் முல்லைத்தீவில் பதியச் சைக்கிளில் போனேன். உன்னைப் பெற்ற கொம்மா 'சுலக்சனா' என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்துவிட்டிருந்தா. எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்த ரீச்சரின் பெயர் சுலோசனா. எனக்கு அடிக்காத ஒரே ரீச்சர். வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன், கேட்டதும் அந்தப் பெயர்தான் வாயில் வந்தது. திரும்பி வந்து, பதிவுகாரருக்குக் காது கேட்காது என்று கொம்மாவிடம் சொல்லிவிட்டேன். முப்பது வருடமாக அந்த மனிதர் எங்கள் வீட்டில் செவிடர்.

இப்போது பதிவுக் கந்தோரில் என்னவென்று எழுதுவது? கொம்மாவுக்குச் சொல்லிவிடாதே.

க. சின்னத்துரை


கண்டக்குழி
30.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டு சபூரா ராத்தா என்னவோ ஏதோ என்று வேலிக்கு ஓடி வந்துவிட்டா. சிரித்து முடிய அழுகையும் வந்தது, அதை விடுங்கள்.

நீங்கள் பொய் சொல்லத் தேவையில்லை. 'தகவல் அளித்தவரின் தவறு' என்று எழுதவும் அந்தப் படிவத்தில் இடம் இருக்கிறதாம். அவர்தான் விசாரித்துச் சொன்னார். பெப்ரவரி 14, காலை ஒன்பது மணி, புத்தளத்தில் கந்தோர் வாசலில் நிற்பேன். அவர் வரமாட்டார். லீவு எடுக்கலாம்தான். "நான் வந்து நிண்டா மாமாவுக்குச் சங்கடம், நீ பிள்ளையக் கூட்டிட்டுப் போ" என்றார்.

இங்கே வீடு வீடாக இல்லை. பத்துப் பெட்டிக்கு மேல் அனுப்ப விடமாட்டார்கள். இடியப்ப உரலையும் புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியையும் முதலில் வைத்தேன். அவர் சிரித்தார். அங்கே மார்கழியில் கை விறைக்கும் குளிராம், எங்களிடம் இருக்கும் கம்பளி உடுப்பு டினோஷி பிறந்தபோது வாங்கிய தொப்பி ஒன்றுதான். பெரிய அலுமாரியை சபூரா ராத்தாவுக்குக் கொடுக்கிறேன். கதவு உப்புக்காற்றில் வீங்கி, திறக்க இரண்டு பேர் வேண்டும். அவவுக்கு ஆறு பிள்ளைகள், ஆட்களுக்குக் குறைவில்லை.

கடலே இல்லாத ஊருக்குப் போகிறேன் அப்பா. அங்கே மீன் எப்படி இருக்குமோ.

உங்கள் மகள்
சுலக்சனா


வண்ணாத்திவில்லு
17.02.2025

மகள் சுலக்சனாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது.

அந்தக் கிளார்க் பிள்ளை 'தகவல் அளித்தவரின் தவறு காரணமாக' என்று சத்தமாக வாசித்ததும் முழுக் கந்தோரும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதைவிட உன் மகள். "நீங்களா அம்மாட பேரைப் பிழையாச் சொன்னது? மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று கேட்டாளே. வழி முழுக்க அதுதான் காதில் நின்றது.

நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. என் தம்பியைக் கடலில் இழந்தது உனக்குத் தெரியும். யார் சுட்டது என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு சீருடை போட்ட ஒருவரையும் என்னால் பார்க்க முடியவில்லை. எந்தப் பக்கத்துச் சீருடை என்றுகூட நான் பார்ப்பதில்லை. மீன்பிடித் தொழிலை விட்டேன், கடல் தெரியாத இடமாகப் பார்த்து வந்து தோட்டம் செய்தேன். நீ வந்து நேவிக்காரனைக் கட்டப்போகிறேன் என்றாய். படலைக்குள் கால் வைக்கக் கூடாது என்றேன். அந்தப் பெடியன் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அது அப்போதும் தெரியும்.

பெட்டி கட்டும் கதை எழுதியிருந்தாய். அதில் எனக்கு அனுபவம் உண்டு. யுத்தத்தில் ஏழு தரம் வீட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவன். பத்திரங்களைப் பெட்டியில் போடாதே, உன் தோளில் கிடக்கும் பையில் வை. தேயிலை, சீனி, ஒரு கேத்தில், மூன்று கோப்பை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியில் பெரிதாக அடையாளம் போடு. போய் இறங்கியதும் முதலில் தேத்தண்ணி வைத்துக் குடிக்க வேண்டும். அப்போதுதான் வந்த இடம் வீடாகும். நாங்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தேடித்தான் களைத்தோம்.

தோட்டத்தில் கஜு காய்த்திருக்கிறது, முந்திரிப்பருப்பை வறுத்துத் தரலாம். கொண்டு போக விடுவார்களா என்று கேள்.

அப்பா


கண்டக்குழி
24.03.2025

என் அன்பு அப்பாவுக்கு,

லொறி இன்று காலை வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கடவுச்சீட்டு வந்துவிட்டது, நீங்கள் சொன்னபடி தோள்பையில் வைத்திருக்கிறேன். வீடு வெறுமையாகக் கிடக்கிறது, டினோஷி கத்தி எதிரொலி கேட்டு விளையாடுகிறாள்.

சனிக்கிழமை நீங்களும் அம்மாவும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வந்ததும் வராததுமாக, "இதென்ன கட்டு? கல்பிட்டி தாண்ட முதல் அவிழ்ந்திடும்" என்று பத்துப் பெட்டியையும் அவிழ்த்துப் போட்டீர்களே! எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நீங்கள் போட்ட முடிச்சைப் பார்த்து லொறிக்காரரே இன்று வாயைப் பிளந்துவிட்டார்.

பதிவுகாரர் செவிடில்லை என்பது அம்மாவுக்கு முதல் நாளே தெரியுமாம். "அந்த ரீச்சர்ட கதைய நான் கலியாணத்துக்கு முந்தியே கேட்டனான்" என்று அவ சொன்னபோது உங்கள் முகம் போன போக்கை மறக்க மாட்டேன்.

மத்தியானம் நடந்ததையும் எழுத வேண்டும். அவர் முகாமிலிருந்து வெள்ளைச் சீருடையோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசலில் உங்கள் செருப்பைக் கண்டார். அப்படியே திரும்பி சபூரா ராத்தா வீட்டுக்குப் போய், அவவின் புருசன் முபாறக் நானாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் அறை யன்னலால் எல்லாவற்றையும் பார்த்தீர்கள். நீங்கள் பார்ப்பதை நான் கண்டதையும் பார்த்தீர்கள். அவர் உள்ளே வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, "தம்பி, இந்தக் கயித்தை இறுக்கிப் பிடியும்" என்றீர்கள். அவர் பிடித்த பிடியில் கை சிவந்துபோயிருந்தது. இரவு எனக்குக் காட்டினார். சந்தோசம் அவருக்கு.

ஒன்று கேட்க வேண்டும், வாயால் கேட்கத் துணிவு வரவில்லை. மாதம் ஒரு தரம் வந்து வீட்டைத் திறந்து காற்றுப் பட விடுவீர்களா? கதவுப் பூட்டின் திறப்பு சபூரா ராத்தாவிடம் இருக்கும். முடியாவிட்டால் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள்
சுலக்சனா


வண்ணாத்திவில்லு
18.05.2025

அன்புள்ள மகள் சுலக்சனாவுக்கும் மருமகன் றொமேஷுக்கும் பேத்திக்கும்,

உங்கள் படங்களை அம்மா போனில் காட்டினா. பிள்ளைக்குக் கன்னம் வைத்திருக்கிறது. அங்கே ஆற்று மீன்தான் என்று எழுதியிருந்தாய். மஞ்சளும் புளியும் கூடப் போட்டுக் காய்ச்சு, சேற்று மணம் போகும்.

நேற்று நானும் அம்மாவும் கண்டக்குழிக்குப் போனோம். திறப்பை இனிமேல் நானே வைத்திருக்கிறேன் என்று சபூராவிடம் சொல்லிவிட்டேன். கூரையில் இரண்டு ஓடு விலகியிருந்தது, சரிப்படுத்தினேன். பூனை சபூரா வீட்டில் கொழுத்துப்போய்க் கிடக்கிறது, பேத்தியிடம் சொல். பின்னேரம் கடற்கரைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சின்ன அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்து விட்டது. உள்ளே கிடந்த உடுப்புகளை எல்லாம் எடுத்து வெயிலில் போட்டோம். மருமகனின் சீருடை ஒரு சோடியும் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தா. நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் போட்டேன். அந்த நேரம் கரண்ட் மீட்டர் பார்க்கிற பெடியன் வந்தான். கொடியைப் பார்த்துவிட்டு, "நேவிக்காரர்ட வீடா ஐயா?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி, என்ட மருமகன்ட வீடு" என்றேன்.

அவன் எழுதிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அது ஒரு கதையே இல்லை.

உடுப்பு காய்ந்ததும் அம்மா மடித்து வைத்தா. லீவில் வரும்போது மருமகன் சபூரா வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வரத் தேவையில்லை என்று சொல். முபாறக்கின் சாரம் அவருக்கு நீளத்தில் கட்டை.

அன்புடன்
அப்பா