வண்டி ஏன் பாய்ந்தது

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

போய்ச் சேர்ந்த இடத்தில் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இங்கே இருந்தபோதும் உங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லையே. நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உங்கள் படத்தைப் போட்டு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். செயலாளர் வீட்டுக்கே வந்து, "உத்தமர், உழைப்பாளி, நாலு பேருக்கு நல்லது செஞ்சவர்னு உங்க கையாலயே எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்டார். எழுதுகிறேன், ஆனால் ஒரு வார்த்தை வெட்டினாலும் விழா மேடையில் ஏறிப் படிப்பேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

முதலில் வண்டிச் செய்தி. உங்கள் பழைய பிக்கப்பை விற்றுவிடலாம் என்று பார்த்தேன். வாங்க வந்தவர் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடாகும் வரை காத்திருந்து, முகத்தைச் சுளித்தார். ஆக்சிலேட்டரை யாரும் மிதிக்கவில்லை, நின்ற இடத்திலேயே வண்டி காட்டுக்கத்தல் கத்துகிறது. இவ்வளவு ரேஸ் ஏன் என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? அந்த வண்டியை நான் தொட்டுப் பத்து வருஷம் ஆகிறது.

ஏன் தொடவில்லை என்று இந்த மலரைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். அப்போது நான் ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொண்டுபோய்க் கொடுப்பதற்காகவே வண்டி ஓட்டக் கற்று லைசென்ஸும் எடுத்தேன். ஒரு காலையில் பாத்திரங்களை ஏற்றியாகிவிட்டது. கேட்டைத் திறக்க உங்கள் தம்பி முரளி முன்னால் நின்றான். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி பாய்ந்தது. முரளியின் முழங்கால் பம்பருக்கும் கேட்டுக்கும் நடுவில் நசுங்கியது. இன்றைக்கும் நம் வீட்டில்தான் இருக்கிறான், காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான்.

அன்றோடு லைசென்ஸ் பீரோவுக்குள் போனது, சமையல் வியாபாரமும் படுத்தது. நீங்கள் என்னைத் திட்டக்கூட இல்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன், போங்கள்! திட்டுவதற்குப் பதிலாகக் கதையாக்கினீர்கள். பொங்கல் விழா, வளைகாப்பு, எங்கே நாலு பேர் கூடினாலும், "எங்க வீட்டம்மாவுக்கு பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாது. என் தம்பி காலக் கேளுங்க, அது சொல்லும்" என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். உங்களை எடுத்த அன்றைக்கும் ஒருத்தர் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வண்டியை நிக்டியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் செய்து, நானும் பக்கத்திலேயே நின்றேன். முதலில் ஆக்சிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அது சரியாகவே இருந்தது. ரப்பர் குழாய்களில் எங்காவது வெடிப்பு விழுந்து காற்றை உறிஞ்சுகிறதா என்று ஸ்ப்ரே அடித்தார், சத்தம் மாறவில்லை. கம்ப்யூட்டரை மாட்டி, எஞ்சின் சூடானது அதற்குத் தெரிகிறதா என்று பார்த்தார், தெரிந்தது. கடைசியில் காற்று போகிற குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். காற்றை அடைக்க வேண்டிய தகடு முழுசாக மூடவில்லை. ஒரு ஸ்க்ரூ அதை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தது. யாரும் தொடக்கூடாதென்று கம்பெனியில் அதன்மேல் வைத்த மஞ்சள் பெயின்ட் உடைந்திருந்தது.

"பாபி, இஸ்கோ கிஸ்னே குமாயா?" என்றார். இதை யார் திருகியது அண்ணி, என்று ஹிந்தியில் கேட்கிறார்.

பழைய கார்புரேட்டர் வண்டியில் இப்படித் திருகலாமாம். நம்முடையது மாதிரி இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஐடிலை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற வேகத்தை, கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும், இந்த ஸ்க்ரூவில் கையே வைக்கக்கூடாதாம். கரி அடைத்து வண்டி அடிக்கடி நின்றுபோயிருக்கும், கரியைத் துடைக்காமல் யாரோ இதைத் திருகிவிட்டார்கள் என்றார். இப்படி இருக்கிற வண்டியில் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் பாயுமா என்று கேட்டேன். "கூதேகீ நா, பாபி" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பாயத்தானே செய்யும்.

யாரோவாம்! தேஹு ரோடு ராணுவ டிப்போவில் காலமெல்லாம் பழைய ஜீப்புகளைக் குடைந்துகொண்டிருந்த மனுஷன் நம் வீட்டில் ஒருத்தர்தான். பானெட்டை வேறு யாரையும் திறக்க விட்டதுமில்லை. அப்போதும்கூட, பாவம், தன் கைதான் காரணம் என்று அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து முரளியைக் கேட்டேன்.

"அன்னிக்கிக் காலையில அவர் வண்டியில எதையாவது திருகினாரா?"

அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சிக்னல்ல நின்னு நின்னு போவுதுன்னு அண்ணன் ஏதோ டைட் பண்ணிச்சி அண்ணி. நான்தான் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் குடுத்தேன். ஆஸ்பத்திரியிலயே அண்ணன் சொல்லிடிச்சி, அண்ணிகிட்ட மூச்சு விடாதன்னு."

"அவர்தான் சொல்லல. உனக்கு வாயில்ல?"

"அதுக்கப்பறம் நீங்க என்னை ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்க அண்ணி. தெரிஞ்சா நிறுத்திடுவீங்களோன்னு..."

பார்த்துக்கொண்டேன்தான். காலுக்கு எண்ணெய் தேய்த்தேன், வெந்நீர் வைத்தேன், அவனுக்குப் பிடித்ததைத் தனியாகச் சமைத்தேன். உங்கள் கண்ணெதிரில்தானே செய்தேன்? போதும் விடு சாந்தா என்று ஒரு நாளாவது வாயில் வரவில்லையா? நான் அழுதபோதெல்லாம் முதுகைத் தட்டிக்கொடுத்தீர்களே, எப்படி ஐயா முடிந்தது? சீறுகிற வண்டியைக் காலால் அடக்கி அடக்கியே அத்தனை வருஷமும் ஓட்டினீர்கள். ஸ்க்ரூவைத் திருப்பி வைத்தால் வண்டி நின்றுபோகும், கடையில் விட்டால் குட்டு உடைந்துபோகும். அதற்கு நான் முட்டாளாக இருப்பதே உங்களுக்குச் சௌகரியம்.

மெக்கானிக் கரியைத் துடைத்து, ஸ்க்ரூவைப் பழையபடி வைத்துக் கொடுத்துவிட்டார். நேற்று முரளியை வண்டியில் ஏறு என்றேன். "நான் ஆட்டோல வரேன் அண்ணி" என்றான். "ஏறுடா" என்றேன். நானே ஓட்டி ஆகுர்டி வரைக்கும் போய்த் திரும்பினோம், ஒரு துள்ளல் இல்லை. அவன் வழி முழுக்கக் கதவுப் பிடியை விடவில்லை. இறங்கும்போது, வேறு வீடு பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். நொண்டியைத் துரத்திவிட்டாள் என்று ஊர் பேசும். பேசட்டும். வண்டியை விற்கப்போவதில்லை, அடுத்த மாதம் திரும்பவும் சாப்பாடு கொடுக்கத் தொடங்குகிறேன்.

இவ்வளவுக்கும் நீங்கள் இல்லாத வீடு எனக்கு நன்றாக இல்லை. அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் மகள் காவ்யாவுக்கு நீங்கள்தான் சாமி. "அப்பா பத்தி நல்லா எழுதும்மா, அந்தப் பேஜ நான் ஃப்ரேம் போட்டு மாட்டறேன்" என்கிறாள். அவளைத்தான் இங்கே தமிழே சொல்லித்தராத ஸ்கூலில் போட்டோமே, தமிழில் அவள் பெயரைத் தவிர ஒன்றும் படிக்க வராது. ஊரே படித்து முடித்த பிறகும், உங்கள் படத்துக்குக் கீழே இதைப் பாராட்டு என்று நினைத்து மாட்டிவைப்பாள். சும்மா இருந்தால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள்.

விட மாட்டேன். மலர் வந்த அன்றே அவளை எதிரில் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் நானே படித்துக் காட்டுவேன். அவள் காதைப் பொத்தினால் கையை எடுத்துவிட்டுப் படிப்பேன். அதற்குப் பிறகு மாட்டுவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். இது உங்கள்மேல் ஆணை.

இப்படிக்கு,
நீங்கள் தாலி கட்டிய
சாந்தா