கிணறு உட்பட ஒரு மனை

மச்சான்,

இன்று காலை எதிர்மனையில் கடைக்கால் போடுகிறவர்கள் சுண்ணாம்புத் தூளை உதறிக் கோடு இழுத்தார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தது. குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அது உன் கை வாசனை. பம்மல் தோல் கம்பெனியில் பதினோரு வருஷம் சுண்ணாம்புத் தொட்டிக்குள் கைவிட்டவன் நீ. வேலை போன பிறகும், எந்த சோப்பு போட்டாலும், அந்த நெடி உன் விரலிடுக்கை விட்டுப் போகவில்லை.

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிக்கொள், அன்று நாங்கள் பேசிக்கொண்டதை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. கிணறு வெட்டுகிற எனக்கு வேலை குறைந்துவிட்டது. எல்லாரும் போர் போட ஆரம்பித்திருந்தார்கள். உன்னைக் கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இருவரும் தாம்பரத்தில் நிலத் தரகர்கள் உட்காரும் டீக்கடையில் போய்ச் சேர்ந்தோம். வெயிலில் பார்ட்டியை அழைத்துப் போய் மனை காட்டுவது நாம். வியாபாரம் முடிந்தால் கமிஷனுக்குக் கை நீட்டுவது ஏழு பேர். ஒரு நாள் நீ டீ கிளாஸை நங்கென்று வைத்தாய்.

"காலு நம்முது, காசு எவனோடதோ. இன்னா பொழப்பு மச்சான் இது? நாமளே அட்வான்ஸ் குடுத்து அக்ரிமெண்ட் போட்டுக்கலாம். மூணு மாசம் டைம் வாங்குவோம். அதுக்குள்ள நம்ம வெலைக்கு ஒரு ஆளைப் புடிச்சு, நேரா அவன் பேர்லயே கிரயம் பண்ண வுட்டுடுவோம்."

"ஆளு கெடைக்கலன்னா?"

"அட்வான்ஸ் பூடும். வேற இன்னா."

வேற இன்னா என்று நீ லேசாகச் சொன்ன அந்த அட்வான்ஸ், கம்பெனி உன் கையில் கொடுத்தனுப்பிய மொத்தப் பணம்.

மாடம்பாக்கத்தில் கோயிலைத் தாண்டி ஒரு மனை கிடைத்தது. சொந்தக்காரி தனபாக்கியம் அக்கா. அப்பா கொடுத்த நிலம். கல்யாணமாகி வண்டலூர்ப் பக்கம் போனவர், அதன் பிறகு மனையைத் திரும்பிப் பார்த்ததில்லை. "எனக்கோ, நான் குறிப்பிடும் நபருக்கோ கிரயம் செய்து தர வேண்டியது" என்ற வரியை முத்திரைத் தாளில் நீ எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாய். நம் தொழில் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. நீ கையெழுத்துப் போட்டாய். சாட்சிக்கு நான் கைநாட்டு வைத்தேன்.

பழைய பத்திரத்தில் 'கிழக்கு மூலையிலுள்ள கிணறு உட்பட' என்று இருப்பதாக நீ படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அந்தக் கெணறு நான் வெட்னது மச்சான்" என்றேன். நீ முதுகில் தட்டினாய். மேஸ்திரி கூப்பிட்டான், கூலிக்குப் போய் வெட்டினேன். நிலம் யாருடையது என்று அன்று நான் கேட்டதில்லை. கோயிலைத் தாண்டி வேறு கிணறு கண்ணில் படவில்லை. கிணறு இருக்கிறதே, வேறென்ன அடையாளம் வேண்டும் என்று மணியக்காரரிடம் வரைபடமும் பார்க்கவில்லை, எல்லைக் கல்லும் தேடவில்லை.

குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்த ஒரு ஆபீஸ் சாரும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். அந்தம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: "இனிமே குடத்தைத் தூக்கிட்டு லாரி பின்னாடி ஓட வேணாங்க." விலை அங்கேயே படிந்துவிட்டது.

கெடு முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பத்திரம் எழுதுபவரிடம் போய் உட்கார்ந்தோம். அவர் பழைய பத்திரத்தை வருஷத்தோடு உரக்கப் படித்தார். வருஷம் என்று ஒன்று காதில் விழுந்தால் நான் அதை என் வீட்டு நடப்போடு வைத்துத்தான் பார்ப்பேன். அந்த வருஷம் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்தக் கிணற்றை வெட்டியது என் மூத்தவளுக்கு மொட்டை போட்ட வருஷம். பத்திரம் எழுதியபோது என் கிணறு பூமியில் இல்லை. அப்படியானால் இது வேறு எவருடைய மனையோ.

உன்னை வெளியே இழுத்து வந்து சொன்னேன். நேராக வண்டலூருக்கு பஸ் ஏறினோம்.

"எங்கப்பா கெணத்தை மூடி எத்தினி வருஷமாவுது" என்றார் அக்கா. "பசு வுளுந்து செத்துப் போச்சுன்னு மூடினாரு. நீங்க கேக்கவே இல்லியேப்பா."

உண்மையான மனை ஆறு மனை தள்ளி, பள்ளத்தில், கோரை மண்டிக் கிடந்தது. அதன் நடுவில் நின்று நான் சொன்னேன்: "பத்திரத்துல எல்லாம் சரியாத்தான் கீது. நாம எதையும் மாத்தி எழுதல. வாயை மூடிகினு முடிச்சிட்டா..." போகப்போவது உன் பணம் என்பதால் சொன்னேன். ஆனாலும் சொன்னது நான்தான்.

நீ ஒரு கோரையைப் பிடுங்கி அதன் வேரையே பார்த்துக்கொண்டிருந்தாய். "மொத ஆளையே கவுத்துட்டா ரெண்டாவது ஆளு எங்கேர்ந்து வருவான்? நாளைக்குப் போயி சொல்லிடலாம்."

மறுநாள் சார் வாசலில் நிற்க வைத்தே கத்தினார். "எங்களைப் பார்த்தா எப்படிய்யா தெரியுது? கிணறு இல்லாத பள்ளத்தை யார் வாங்குவா?" அந்தம்மா கதவைச் சாத்தினார். ரயில்வே பிளாட்பாரத்தில் வந்து உட்கார்ந்தோம்.

"பதினோரு நாள்ல ஒரு கெணறு வெட்டுவியா?" என்று கேட்டாய்.

"புதுசு முடியாது. மூடினதைத் தோண்டலாம். மண்ணு இறுகியிருக்காது."

"அப்ப ஏன் உக்காந்துகினு கீற?"

அக்கா சம்மதம் கொடுத்தார். "வியாபாரம் ஆவலன்னா மூடிட்டுப் போங்க. இன்னொரு மாட்டைக் குடுக்க என்னால ஆவாது" என்றார். கடப்பாரையால் குத்திக் குத்தி, மண் இளகிய இடத்தைக் கண்டுபிடித்தேன். நான் உள்ளே, நீ மேலே. கூடை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. டீக்கடைத் தரகர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, அட்வான்ஸ உள்ள போட்டுட்டுத் தேடறியா?"

"ஆமா. கெடச்சா உனக்கும் ஒரு டீ" என்றாய், கயிற்றை விடாமல்.

இரண்டாம் நாளே பழைய செங்கல் வளையம் தெரிந்தது. உன் உள்ளங்கை கிழிந்து துணி சுற்றியிருந்தாய். ஆறாம் நாள் பதினேழு அடியில் என் கணுக்கால் நனைந்தது. தெளிய வைத்து ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு இருவரும் குரோம்பேட்டைக்குப் போனோம். கதவைத் திறந்த அந்தம்மாவிடம் நீ விலை பேசவில்லை.

"பள்ளந்தாம்மா. மழைல தண்ணி நிக்கும். மூணடி மண்ணு கொட்டணும். தண்ணி இதான், குடிச்சுப் பாருங்க."

அவர் ஒரு மடக்கு குடித்தார். உன் கையைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏங்க, செருப்பைப் போடுங்க, ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

மண் கொட்டும் செலவுக்கு விலையைக் குறைத்தோம். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் கிரயமானது. உன் அட்வான்ஸ் உன் கைக்கு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து அதே சார் தன் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேரோடு டீக்கடைக்கு வந்து, தரகர்கள் அத்தனை பேரையும் தாண்டி நம்மிடம் வந்து நின்றார். அன்றுதான் நம் தொழில் தொடங்கியது. அதன் பிறகு பெருங்களத்தூர் வரைக்கும் எத்தனை அக்ரிமெண்ட், எத்தனை கெடு. ஒவ்வொரு மனையிலும் பார்ட்டி வருவதற்கு முன் நீ அதையே சொல்வாய்: "மேட்டை அவனே பாத்துக்குவான். பள்ளத்தை நாம காட்டணும்."

நீ போய் இரண்டு ஐப்பசி ஆகிறது. தொழிலை இப்போது என் மகன் நடத்துகிறான். "கோடையில காட்டினா சீக்கிரம் முடியும்பா" என்கிறான். முடியட்டும் என்று நான் விடவில்லை. மனை கேட்டு யார் போன் செய்தாலும், நல்ல மழை பெய்த மறுநாள் வாருங்கள் என்கிறேன். பாதிப் பேர் வருவதில்லை. வருகிறவர்களுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நான் இறங்குகிறேன்.