உன் பெயர்க் கல்லுக்குப் பின்னால்

பொறாமையினால் நான் உன் பெயரை எடுத்துவிட்டேன் என்று நம் கோயில் பங்கு முழுவதும் பேச்சு. "தன் வீட்டுக்காரர் பேரு அங்க இல்லன்னு அந்தம்மாவுக்கு வயித்தெரிச்சல்" என்று பாடகர் குழுவில் ஒருத்தி சொன்னாளாம். அது தவறு. கல்லறைத் தோட்டத்து மர மண்டபத்தின் முன் தூணிலிருந்து, உன் பெயர் பொறித்த கருங்கல்லைக் கழற்றச் சொன்னது நான்தான். பொறாமை காரணமில்லை. உண்மைக் காரணம் பொறாமையைவிடக் கேவலமானது. அதை முதலில் உனக்குச் சொல்வதுதான் முறை.

கல் இப்போது என் வீட்டுப் பின்புறம் துணி துவைக்கும் இடத்தில் கிடக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். அதன் முதுகிலிருந்து நாற்றம் போகவில்லை. ஈரத் துணியை வாளியில் ஒரு வாரம் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. கூடவே காளான் வாடை. காலையில் காப்பியோடு பின்கதவைத் திறந்தால் அதுதான் முதலில் வருகிறது. மூடிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

என் கணவரை அடக்கம் செய்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். கார்த்திகை மழை. பெட்டியைச் சேற்றில் நான்கு செங்கல் மேல் வைத்தார்கள். ஃபாதரின் ஜெபப் புத்தகம் நனைந்து பக்கங்கள் பிரியவில்லை. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் மேசை விரிப்பைக் கொண்டுவந்து, பெட்டிக்கு மேலே விரித்து, அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். திரும்பும்போது ஆட்டோவில் புடவைத் தலைப்பைப் பிழிந்தபடி சொன்னாய்: "நாளைக்கு உன்னையும் என்னையும் இப்படித்தான்டி சேத்துல வைப்பாங்க. ஒரு கூரை போட்டே ஆகணும்."

கூரைக்கு மரம் பார்க்கத் திருமுடிவாக்கத்தில் ஒரு மரப் பட்டறைக்குப் போனோம். பலகைகளை அடுக்கி, பசையிட்டு, அழுத்தி ஒரே தூணாக்கிய பைன் மரம். வாசலிலேயே ஒரு வெள்ளைத் தூண் நின்றது. திருப்பலி பீடத்தின் விரிப்பைப் போல அப்பழுக்கில்லாமல் இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. நீயோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பட்டறைக்காரரைப் பிராக்டிகல் பரீட்சை மாணவனைப் போல நிற்க வைத்தாய்.

"இது வெளியில நின்னா?"

"வார்னிஷ் அடிச்சா சூப்பரா இருக்கும் மேடம்."

"எப்படி இருக்கும்னு கேக்கல. எத்தனை நாள் இருக்கும்?"

அவர் பின்பக்கம் கை காட்டினார். "அது உள் வேலைக்கு மேடம். மழையில நிக்கணும்னா பின்னாடி இருக்கிற பச்சையை எடுங்க. பிரஷர்ல மருந்து ஏத்தினது. கரையானும் கிட்ட வராது."

பின்னால் இருந்ததைப் பார்த்தேன். "பாசி பிடிச்ச மாதிரி இருக்கே" என்றேன்.

"பொண்ணு பாக்கவாடி வந்திருக்கோம்?" என்றாய். பட்டறையே சிரித்தது. எனக்குக் கோபம்.

பசையையும் நீ விடவில்லை. மருந்து ஏற்றாத ஒரு வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் பழைய அலுமினியச் சட்டியில் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, மறுபடி கொதிக்க வைத்தாய். பலகைகள் ஒட்டிய கோட்டில் நகத்தைவிட்டுப் பார்த்தோம், நகம்தான் உடைந்தது. அப்புறம்தான் சரி என்றாய்.

பட்டறைக்காரர் ஒரு எச்சரிக்கை செய்தார். "மருந்து நடு வரைக்கும் போகாது மேடம். மேலாப்புலதான் நிக்கும். வேண்டிய ஓட்டை எல்லாம் முன்னாடியே போட்டு, அதுக்கப்புறம் மருந்து ஏத்தித் தரேன். நட்டதுக்கப்புறம் எவனையும் டிரில்லோட பக்கத்துல விடாதீங்க." நானும் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் காதில் தெளிவாக விழுந்தது.

மண்டபம் எழுந்தது. தூண்களின் கால்கள் தரையைத் தொடாமல், ஒரு சாண் உயரத்தில் இரும்புப் பாதங்களில் நின்றன. வெட்டுமுனைகளுக்குத் தகரத் தொப்பி போட வைத்தாய். அடுத்த ஆண்டே நீ போய்விட்டாய். அன்றும் மழைதான். உன் பெட்டியில் ஒரு துளி விழவில்லை. அந்தப் பச்சை நிறத்தை அன்று நான் மன்னித்தேன்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, போன மாதம் உனக்குப் பூ வைக்கப் போனபோது முன் தூணில் உன் பெயர்க் கல்லுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் காது காதாக ஏதோ முளைத்திருந்தது. காளான். குடை நுனியால் தூணைக் குத்தினேன். சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது. வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"பேரு மேல கை வெக்கச் சொல்றியேம்மா. அப்பால என்னியத்தான் திட்டுவாங்கோ."

"நான் சொன்னேன்னு சொல்லுப்பா. கழட்டு."

நான்கு திருகாணிகளும் திருகாமலே கையோடு வந்தன. கல் வந்தது. அதன் பின்னால் மரம் இல்லை. கறுத்துப்போன ஒரு கூழ் இருந்தது. அதில் வெள்ளையாய்க் கரையான் நெளிந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, உள்ள புட்டு மாரி கீது" என்றார். அந்த நாற்றம் என் வாய்க்குள்ளேயே வந்தது. எழுபத்தெட்டு வயதில் கல்லறை மதிலோரம் நின்று வாந்தி எடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

மறுநாள் ஸ்வெட்டர் பின்னும் ஊசியோடு போனேன். மற்ற மூன்று தூண்களிலும் அடி முதல் என் கை எட்டும் உயரம் வரை குத்திப் பார்த்தேன். ஊசி வளைந்தது, மரம் விடவில்லை. நீ தேர்ந்தெடுத்தது சரி. பங்குக் கமிட்டியில் இதைச் சொன்னேன். செயலர் மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், படித்தவர். கேட்பார் என்று நம்பினேன்.

"ஓட்டையில பட்டி அடைச்சு, பெயின்ட் அடிச்சு, கல்லைத் திரும்ப வெச்சுடலாம் ஆன்ட்டி. யாருக்கும் தெரியாது."

"தூணுக்குள்ளே மரமே இல்லை தம்பி. மேலே கூரை இருக்கு, கீழே ஜனங்க நிப்பாங்க."

"அப்போ மொத்தமா பிரிச்சுட்டு பைப் நட்டு ஷீட் போட்டுடலாம். மரம்னாலே இந்த ஊர் மழைக்குத் தாங்காது ஆன்ட்டி. டீச்சர் ஆசைப்பட்டாங்களேன்னு அப்போ விட்டுட்டோம்."

மூலையில் ஒருவர், "டீச்சருக்குக் கெமிஸ்ட்ரி தெரியும், கட்டடம் தெரியுமா?" என்றார். சிரித்தார்கள். செத்தவள் மேல் பழியைப் போட்டுவிட்டு பிஸ்கட்டுக்குக் கை நீட்டினார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. பட்டி பூசலாம் என்ற வாயும், சிரித்த வாய்களும். எல்லாவற்றையும்விட, உண்மையைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்த என் வாய். ஏன் பேசவில்லை என்று இப்போது சொல்கிறேன்.

உனக்குப் பெயர்க் கல் என்றாலே ஆகாது. கோயில் டியூப்லைட்டுகளில் கொட்டை எழுத்தில் 'அன்பளிப்பு' என்று குடும்பப் பெயர்களைப் பார்த்து, "நமக்கு வெளிச்சம் வேணுமா, அட்ரஸ் வேணுமா?" என்று என் காதைக் கடிப்பாய். நீ போன மூன்றாம் மாதம் கமிட்டி உனக்குக் கல் வைக்க முடிவு செய்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. "எங்க வெக்கலாம் ஆன்ட்டி?" என்று என்னைத்தான் கேட்டார்கள். வாசலைப் பார்த்த முன் தூணைக் கை நீட்டிக் காட்டினேன். வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும் என்று. ஐப்பசி மழை அந்தக் கிழக்கு முகத்தில்தான் அறையும், அதையும் யோசிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் டிரில்லைக் கொண்டுவந்தபோது பட்டறைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை. வந்தது. ஆனால் கல்லில் உன் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், 'முயற்சி: இவர் தோழி' என்று என் பெயரும் இருந்தது. நான்கு ஓட்டைகளையும் போட விட்டேன். புகைப்படத்துக்கும் நின்றேன்.

மரத்தை உளுத்துப்போக வைத்தது மழை இல்லை. உன் தேர்வும் இல்லை. மருந்து எட்டாத நடுமரத்துக்குத் தண்ணீரை விட்ட அந்த நான்கு ஓட்டைகள். மற்றவர்களின் அற்பத்தனத்தை வாழ்நாள் முழுவதும் முகம் சுளித்துப் பார்த்தவள் நான். அந்தக் கூழுக்குள் இருந்தது என்னுடையது.

பொறாமைக்காரி என்றே எல்லோரும் நினைக்கட்டும் என்று நான்கு நாள் இருந்தேன். இதைவிட அந்தப் பெயர் கௌரவமாகத் தோன்றியது. பிறகு உன்னைப் பற்றி அவர்கள் சிரித்தது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தூங்க முடியவில்லை. இப்போது நான் சுமப்பது அந்தச் சிரிப்பைத்தான். இறக்கி வைக்க வேறு வழி தெரியாததால் இந்த மடலைப் படியெடுத்து ஃபாதருக்கும் கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என் கையாலேயே கொடுக்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ பதில் எழுத மாட்டாய். அவர்களால் முடியும்.

கமிட்டியினருக்கு: முன் தூண் ஒன்றை மட்டும், அதே மருந்தேற்றிய மரத்தில், யார் பெயரும் பொறிக்காமல் மாற்றப் போகிறீர்களா, அல்லது மண்டபத்தைப் பிரிக்கப் போகிறீர்களா? கல்லறைத் திருநாளுக்கு முன் எனக்கு எழுத்து மூலம் பதில் தரவும்.