அக்கரையில் சிவப்புச் சேலை

ஒக்ரோபர் 8, புதன்

காலையிலிருந்து தூறல். கர்க்லாண்ட் போகிற பஸ் இன்றும் தாமதம். பஸ்ஸுக்குள் நிற்கும்போது வாணி பொஸ்டனிலிருந்து போன் எடுத்தாள். பதினொரு வருடமாகப் போனில் மட்டும் இருக்கிற என் தங்கச்சி. அகதி வழக்கு முடியும்வரை அவள் அமெரிக்காவை விட்டு வெளியே வர முடியாது. எனக்கு அமெரிக்க விசா இரண்டு தரம் மறுத்தாயிற்று. அதனால் சனிக்கிழமை எல்லைக் கிராமத்து ஏரி. இக்கரையில் நான், அக்கரை அமெரிக்காவில் அவள்.

"கூறைச்சேலையோடை வாறன் அக்கா. சிவப்பெண்டால் எங்கை நிண்டாலும் தெரியும்."

நான் மயில்நீலச் சேலை என்று சொன்னேன்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

எடுக்க: தேத்தண்ணீர், சார்ஜர், குடை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தூரக்கண்ணாடி.

வடை சுட்டேன். கொடுக்க முடியாது என்று தெரியும். சுடாமல் இருக்க முடியவில்லை.

இவர் கேட்டார்: "இவ்வளவு தூரம் போய்க் கையைக் காட்டிப்போட்டு வாறதோ?"

"ஓம்."

ஒக்ரோபர் 11, சனி

வெயில். ஆனால் காற்று அறைகிறது. தூரக்கண்ணாடி வீட்டு மேசையில். என் புத்தி.

சின்னக் கிராமம். ஒரு தேவாலயம், டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடை, ஒரு படகுத்துறை. முன்பின் தெரியாத எங்களுக்கும் எல்லாரும் பிரெஞ்சில் பொன்ஜூர் என்று வணக்கம். கடைக்காரி அக்கரையைக் காட்டினாள். மகள் அங்கேதான் கல்யாணம் கட்டியிருக்கிறாளாம், தான் ஞாயிறு சாப்பாட்டுக்கு அங்கே போய்வருவாளாம். இவர்களுக்கு அமெரிக்கா அடுத்த ஒழுங்கை. பொறாமையாக இருந்தது. இங்கே எழுதினால் என்ன.

குளிருக்குச் சேலைக்கு மேல் கறுத்தக் கோட், கழுத்துவரை. படகுத்துறை நுனிக்குப் போனேன். அக்கரை முழுக்க மேப்பிள் மரங்கள். தண்ணீரிலிருந்து மலை உச்சிவரை ஒரே சிவப்பு. இந்த மாதம் இலை சிவக்கும் என்று இத்தனை வருடம் இங்கே இருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

போன்.

"அக்கா, கையை ஆட்டிறன். தெரியுதோ?"

தேடினேன். ஏதோ அசைந்தது. கொப்பாகவும் இருக்கலாம்.

"ஓமடி. வடிவாத் தெரியுது."

அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பிறகு சொன்னாள்:

"நீயும் தெரியிறாய் அக்கா. நீலச்சேலை நல்லாயிருக்கு."

கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினேன்.

"குளிரப்போகுது," என்றார் இவர்.