ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன மனிசன்

செப்டம்பர் 3, புதன்
சோளகக் காற்று இன்னும் விடவில்லை. முற்றமெல்லாம் மண். கருவாட்டை இரண்டு தரம் மூடினேன்.

ஏழு மணி நாடகம் பார்க்க ரீற்றா வந்தாள், செத்துப்போன என் மனிசனின் தங்கச்சி. நாடகத்து மறதிச் சித்தப்பா இன்றைக்குச் சொந்த மகளையே "நீ யார் பிள்ளை?" என்று கேட்டார். பின்னால் மேளம். என் மனிசன் உயிரோடு இருக்கும்போது தொடங்கிய நாடகம். அப்போது சித்தப்பா நல்ல ஆள். எப்போதாவது கண்ணாடியைத் தலையில் வைத்துவிட்டுத் தேடுவார், அவ்வளவுதான். சனம் சிரிக்கச் சிரிக்க ஆளை முழு விசராக்கிப்போட்டார்கள்.

"பாவம், முந்தி எவ்வளவு தன்மையான மனிசன்" என்றேன்.

"மறதி இல்லாட்டி அந்தாளை ஆர் மச்சாள் பார்க்கிறது?"

செப்டம்பர் 4, வியாழன்
சனி அவரின் மூன்றாம் ஆண்டுப் பூசை. வாங்க: மெழுகுதிரி, பருப்பு, அப்பளம். பெரிய சட்டி ரீற்றாவிடம்.

மகளும் மருமகனும் வந்துவிட்டார்கள். மருமகன் அவரைக் கண்டதில்லை. ரீற்றா வந்த உடனே அந்தக் கதை. அண்ணை ஞாயிறு என்று மறந்து கடலுக்குப் போனது. இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. நடந்தது ஒரே ஒரு தரம். கோயில் மணி கேட்டதும் வலை போடாமலே திரும்பி வந்தார். செத்தவீட்டில் ரீற்றாவின் கதையில் அது மூன்று தரம் ஆனது. போன வருசம் மீனோடு கோயிலுக்குள் வந்தார். இன்றைக்குத் திருக்கை மீன் ஒன்றைத் தோளில் போட்டபடி நற்கருணை வரிசையில் நின்றாராம்.

மருமகன் விழுந்து விழுந்து சிரிப்பு. "மாமா நாடகத்துச் சித்தப்பா மாதிரித்தான் போல."

நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் அடுப்படியில் போய் நின்றேன். இந்தப் பிள்ளைக்கு அவர் அவ்வளவுதானா? நாளைக்கு இவன் பிள்ளைகளுக்கும்?

செப்டம்பர் 5, வெள்ளி
காற்றுக் குறைவு. தேங்காய் ஆறு திருவினேன். கை வலி.

கடலுக்குப் போன அன்றைக்கு "இண்டைக்குச் சனிதானே?" என்று அவர் கேட்டார். "ஓம், போங்கோ" என்றது நான். காய்ச்சல் பிள்ளையோடு நாலு நாள் முழிப்பு, கிழமை தெரியவில்லை. கரையில் எல்லாரும் பகிடி பண்ணியபோது "மறந்துபோனன்" என்றார். சாகுமட்டும் அதே சொல். வீட்டில் என்னிடம் மட்டும், "உன்னை ஏன் இதுக்குள்ள இழுப்பான்?"

அதுதான் அவர். எனக்கு மட்டும் தெரிந்ததை மற்றவர்கள் எப்படிச் சொல்வார்கள்? நாளைக்குச் சொல்லவேண்டும். வெட்கமாயும் கிடக்கிறது.

செப்டம்பர் 6, சனி
பூசை நல்லபடி. சாப்பிட இருந்ததும் ரீற்றா தொடங்கிவிட்டாள். திருக்கையும் கதைக்குள் வந்தது.

"நில்லடி" என்றேன். அகப்பை கையில் இருந்தபடி முழுவதும் சொன்னேன்.

மகள், "காய்ச்சல் எனக்கோ அம்மா?"

"உனக்குத்தான்."

ரீற்றாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னட்டையும் சொல்லேல்லையே, கள்ளன்."

மருமகன், "இன்னும் சொல்லுங்கோ மாமி." சொன்னேன். சோறு ஆறிப்போனது. மனம் லேசு.

செப்டம்பர் 7, ஞாயிறு
காற்று விழுந்துவிட்டது. வள்ளங்கள் எல்லாம் கரையில். பூசை முடிந்து கோயில் வாசலில் ரீற்றா, சுற்றிவர நாலு பேர்.

"மச்சாளுக்கு நாள் கிழமையே தெரியாது. இறைச்சி தொடாத பெரிய வெள்ளியண்டு ஆட்டிறைச்சி காய்ச்சிப்போட்டு, இண்டைக்கு நத்தார், பாலன் பிறந்திட்டார், சாப்பிடுங்கோ எண்டவ. அண்ணையும் ஓம் ஓம் எண்டு இருந்து சாப்பிட்டவர்!"

முழுப்பொய். மறுக்கத்தான் கிட்டப் போனேன். ஆனால் அந்தப் பொய்யில் அவர் அவராகவே இருந்தார்.

"ஆடில்லையடி, கோழி" என்றேன்.