அடித்தெழுதிய ஒரு சொல்

மார்ச் 4
நாளை நகரசபைக் கூட்டம். வழக்கம்போல் மினிட்ஸை இன்றே எழுதி முடித்துவிட்டேன். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கீழே ‘ஏகமனதாக நிறைவேறியது’. பத்தொன்பது வருஷமாக அதே வால்தான். கூட்டத்துக்கு முன்பே முடிவு தெரிந்த ஜோசியக்காரி நான் என்றேன். இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தையின் காவலை வெள்ளைச்சட்டை என்கிற ரவுடியின் கும்பலுக்குக் கொடுக்கப்போகிறார்கள். கடைக்காரர்களை அடித்து மிரட்டுகிறவனிடமே காவல்!

மார்ச் 5
தலைவர் சந்தைத் தீர்மானத்தை ஒரே மூச்சில் வாசித்து, “எல்லாருக்கும் சம்மதம்தானே? அடுத்தது” என்றார். கடைசி வரிசையில் தையல்கடை அம்மா, புதிதாக ஜெயித்து வந்த உறுப்பினர், “எனக்குச் சம்மதமில்லைங்க” என்றார். மெதுவாகத்தான். தலைவர் கேட்காதது போல் அடுத்த தீர்மானத்துக்குத் தாவினார். மற்றவர்கள் மேஜையைப் பார்த்தார்கள்.

என் காதில் விழுந்துவிட்டதே, என்ன செய்ய? ‘ஏகமனதாக’வை அடித்தேன். ‘ஓர் உறுப்பினர் எதிர்ப்பு’ என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டேன். ஓர் எதிர்ப்பு பதிவானாலும் அடுத்த கூட்டத்தில் பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்க வேண்டும். அதுவரை தீர்மானம் செல்லாது.

மார்ச் 6
தலைவர் கூப்பிட்டார். “புதுசா ஒரு பக்கம் அழகா எழுதிடும்மா. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குமே.” ஐஸ் வைக்கிறாராம்.
“அடிச்சது அடிச்சதுதான் சார்.”
அது என் குரல்தானா?

மார்ச் 9
மகளின் பள்ளிக்கூட வாசலில் வெள்ளைச்சட்டையே நின்றான். “பாப்பா நல்லா படிக்குதாக்கா?” என்று கேட்டு, கும்பிட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். நான் யாரு, ஒரு கிளார்க்கு. எனக்கெதுக்கு இந்த வம்பு? ஒரு சொல்லுதானே, எழுதித் தொலைச்சா என்ன?

இவர் பாத்திரம் தேய்த்தபடி, “மாத்தி எழுதிட்டு உன்னால நிம்மதியா இருக்க முடியுமா?” என்றார். முடியாது. இருவரும் போய்ப் போலீஸில் புகார் கொடுத்தோம். இவர் பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் மாற்றிக்கொண்டு மகளைத் தானே கூட்டிவருவாராம்.

மார்ச் 10
மினிட்ஸின் நகலை அலுவலக வாசலில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. நானே ஒரு நாளும் ஒட்டியதில்லை. இன்று ஒட்டினேன். பசை கொஞ்சம் தாராளமாகவே.

மார்ச் 13
ஐயோ, எதிர்த்தவர் பெயரை எழுதவில்லை! எதிர்ப்பை எழுதிப் பழக்கமிருந்தால்தானே?

ஆனால் கூத்தைக் கேள். பலகையைப் படித்த சந்தைக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வார்டு உறுப்பினரிடம் போய், “அது நீங்கதானே? எங்களுக்குத் தெரியும்” என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்களாம். இல்லையென்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையாம். தையல்கடை அம்மாதான் வந்து சொன்னார். “நான் மூச்சு விடலைங்க” என்று சிரித்தார்.

ஏப்ரல் 2
இன்று கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டேன். குரல் நடுங்கவில்லை. தையல்கடை அம்மா எழுந்து நின்று, “எதிர்ப்பு” என்றார், இந்த முறை சத்தமாக. அடுத்தவரும். அதற்கடுத்தவரும். பதினைந்து பேரில் பதினொரு பேர். தீர்மானம் தோற்றது.

முடிந்ததும் என் மேஜையைச் சுற்றிக் கூட்டம். “என் பேரு எங்க, காட்டுங்க.” பதினொரு பெயரையும் இனிஷியலோடு காட்டினேன். பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

எல்லாரும் போனபின் தலைவர் வந்தார். “அந்த வரிசையில என் பேரையும் சேர்த்துட முடியுமாம்மா?”

“கூட்டம் முடிஞ்சுபோச்சு சார்” என்றேன்.