குளிரட்டும் என்று வைத்த தொட்டி

மச்சான்,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரி நேராகப் போகவில்லை, சில எழுத்துகள் தலை சாய்ந்து நிற்கின்றன. நீ போன பிறகு நம் மெஸ் சமையல்காரர்தான் எழுதப் படிக்கக் கற்றுத் தருகிறார். அரிசி மூட்டையில் இருந்த ‘பொன்னி’தான் நான் வாசித்த முதல் சொல். அன்று அந்த மூட்டையை விட்டு நகர மனமில்லை. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததேயில்லை.

காலையில் உன் தொட்டிக்குத் தண்ணீர் தெளித்தேன். குளிரில் ஈர மண் வாசனை எழுந்தது. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பத்தா கடைவீதி டீக்கடையில் அந்தப் பேஷாவர் டிரைவர் ஐரிஸ் விதைகளைத் தாளில் மடித்துத் தந்தாரே, நினைவிருக்கிறதா? போனில் படமும் காட்டினார். ஊதாப் பூ, கத்தி போல இலை. ஊன்றிய வாரமே ரியாத்தில் குளிர் இறங்கியது. நமக்குப் பொறுக்கவில்லை. தொட்டியை ரூமுக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்து, உன் போர்வையையும் சுற்றிவிட்டோம். பார்க்க வந்த டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பாய், இது என்ன குழந்தையா? பாஹர் ரக்கோ.”

குளிர்காலம் முழுக்க வெளியில் கிடந்தால்தான் இந்த விதை கண் திறக்குமாம். வெளியே வைத்தோம். ஆனால் நீ சும்மா இருந்தாயா? குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்தாய். நான் தொட்டியைத் தூக்கக் குனிந்தால் மட்டும் அதட்டுவாய்.

“இருக்கட்டும் மாப்ளே, குளிரட்டும்.”

குளிர் முடிந்ததும் ஒரு முளை வந்தது. ரூமுக்கே டீ வாங்கிக் கொடுத்தாய். பிறகு பார்த்தால் அது வெறும் புல். “புல்லு பொறந்ததுக்கு டீ வாங்கிக் குடுத்த ஒரே ஆளு நீதாண்ணே” என்று எத்தனை நாள் கிண்டல் செய்தார்கள்.

கோடையில் உனக்கு உடம்பு முடியாமல் போய், ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினாய். வண்டியில் ஏறும்போதும், “பூத்தா ஒரு போட்டோ அனுப்பு மாப்ளே” என்றாய். ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய் என்று உன் மகன் போன் செய்தான்.

தொட்டியை நான் விடவில்லை. வெயில் காலம் முழுக்க ஏசி தண்ணீர் சொட்டும் நிழலில் வைத்திருந்தேன். ஃபோர்மேன் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

“வெறும் மண்ணுக்கு எதுக்குப் பெரியவரே தண்ணி? கலாஸ், முடிஞ்சுபோச்சு, கொட்டிடுங்க.”

“தூங்குது சார்.”

“ஒரு வருஷமாவா?”

மறுபடி குளிர் வந்ததும் வாசலில் வைத்தேன்.

முளைத்துவிட்டது மச்சான். போன வாரமே பார்த்தேன். புல்லாக இருக்குமோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. இன்று இரண்டாவது இலை, முதல் இலையின் மடியிலிருந்து விசிறி விரிவதுபோலப் பிரிந்திருக்கிறது. புல் இப்படி வராது. டிரைவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பூக்க இன்னும் ஒரு குளிராவது போக வேண்டுமாம்.

சாயங்காலக் காற்று அடித்தால் இன்னமும் தொட்டியை உள்ளே எடுக்கத்தான் கை போகிறது. உன் அதட்டல் கேட்கிறது. கையை இழுத்துக்கொள்கிறேன். நீ விட்டுப்போன குல்லாவை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

உனக்குப் போட்டோ அனுப்ப வழியில்லை. எழுத்தில்தான் காட்ட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாவது இலை வந்துவிடும். வந்ததும் அது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன். பூ வருவதற்குள் என் எழுத்தும் நேராகிவிடும்.